முயல்காரி கடித்துத் துப்பியது

முயல் மிச்சம் வைத்ததைத் திருடித் தின்றாளாம்! பார்த்த கண்ணுக்குப் பாதிதான் தெரிந்திருக்கிறது. முயல்காரி தின்னவில்லை, கடித்துத் துப்பினாள். மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, வில்லை வில்லையாக அரிந்து, மொட்டை மாடி வெயிலில் நாள் கணக்கில் காயப்போடுவாள். பிறகு ஒரு வில்லையைக் கடித்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்புவாள். கசந்தால் மறுபடி வெயிலுக்குத்தான். "எனக்குக் கசந்தா அதுங்களுக்குச் சாவு" என்பாள்.

கடைத் தீவனம் வராமல் நின்றபோது அவளாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. காய்ந்த கிழங்கு ஒரு பிடி, தழை மூன்று பிடி. "கிழங்கு தெம்புக்கு. சதை பிடிக்கத் தழைதான் வேணும்." குட்டிகளை அதட்டவும் செய்வாள்: "மெதுவாத் தின்னுடி, யாரு உன்னைத் துரத்துறா?"

தையல்காரரான அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தவள். தான் வளர்த்த பதினொரு முயல்குட்டியும் தேறி விலைபோய்விட்டால் தனியாக ஓர் அறை பார்த்துப் போய்விடலாம் என்றிருந்தாள்.

ஒரு மத்தியானம் தழைக்கட்டோடு திரும்பினால், கூண்டுக்குள் பச்சைக் கிழங்கு குவிந்து கிடக்கிறது.

"நான்தான் போட்டேன். சீக்கிரம் கொழுக்கட்டுமே" என்றார் அண்ணன்.

"எப்போ அண்ணே?"

"காலையில. கிழங்குதானே, கல்லா?"

அவள் கூண்டைத் திறந்தாள். கிழங்கை வாரி எறிந்தாள். குட்டிகளை ஒவ்வொன்றாக மடியில் போட்டு வயிற்றைத் தட்டினாள். மேளம் மாதிரி விறைத்திருந்தது. பொழுது சாய்வதற்குள் ஆறு குட்டிகள் காலை நீட்டிவிட்டன. மற்ற ஐந்தும் மூலையில் சுருண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. அவள் கூண்டருகிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. விடிந்த பிறகுதான் அதில் ஒன்று தழைப்பக்கம் மூக்கை நீட்டியது.

அதற்குள் அண்ணி வாசலில் நின்று தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்: "விஷக் கிழங்கைப் போட்டு இவளே கொன்னுட்டா!"

"யார் போட்டதுன்னு நீங்க சொல்லுங்க அண்ணே."

அண்ணன் நூல் கோக்கிறவர்போல் ஊசிமேல் குனிந்துகொண்டார்.

"ஒரு வார்த்தை, அண்ணே."

மெஷின் ஓட ஆரம்பித்தது.

அவள் துணிகளை ஒரு பையில் திணித்தாள். அழுதுகொண்டு வருவாள் என்று தெருவே எட்டிப் பார்த்தது. வாசற்படியில் நின்றாள். வெயில் சுள்ளென்று அடித்தது. கூண்டைத் திருப்பி, ஐந்து குட்டிகள்மேலும் தன் நிழல் விழும்படி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.