எரியாத பல்புக்கு முழு மார்க்

கரண்ட் டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தில் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று அவருக்கு முன்னால் வேறொருத்தி கோபத்தோடு வந்து நின்றாள். தையற்கடை நடத்துபவள். வலது கையில் மாவுக்கட்டு.

"எங்க அக்கா மகன் உங்ககிட்டதானே படிச்சான்? நீங்கதானே முழு மார்க் போட்டீங்க?"

"ஆமா. என்னம்மா ஆச்சு?"

"கடைக்கு லைட் போட்டுக் குடுத்தான். நல்லாத்தான் எரிஞ்சுது. பல்பு மாத்தலாம்னு ஸ்டூல்ல ஏறினேன். ஸ்விட்சை அணைச்சிட்டுத்தான் ஏறினேன், சத்தியமா. தூக்கி அடிச்சிடுச்சு. இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் எதைத் தைக்கிறது, உங்க மார்க்கையா?"

டீச்சர் மதிய இடைவேளையில் அந்தக் கடைக்குப் போய் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தார். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. மின்சாரம் வரும் வயரில் இருக்கவேண்டிய ஸ்விட்சை, அது திரும்பிப் போகும் வயரில் மாட்டியிருந்தான். அப்படி மாட்டினாலும் விளக்கு எரியும், அணைத்தால் அணையும். ஆனால் அணைந்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். டெஸ்டர் வைத்தால் தெரியும். இல்லாவிட்டால் கைக்குத் தெரியும்.

டெஸ்டர் வைத்துப் பார்க்க அவன் எங்கே கற்றான்? அவன் படித்த கூடத்தில் மின்சாரமே இல்லையே.

டீச்சர் படித்த காலத்தில் இருந்தது. பெண்பிள்ளைகளெல்லாம் தட்டச்சுக்கும் தையலுக்கும் போன நாளில் வயரிங் பிரிவில் போய்ச் சேர்ந்தவர் அவர். "ஸ்க்ரூ டிரைவரைக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தப் போறியா?" என்று அண்ணன் கேலி செய்தார். கட்டியது பேருந்து ஓட்டுநரை. "எங்க வீட்டுல நான் ஸ்டியரிங், அவங்க வயரிங்" என்று அந்த மனிதர் போகுமிடமெல்லாம் பெருமையடிப்பார். பாதி கட்டிய மாடிகளில் ஏணி ஏறி, மேஸ்திரிகளின் வாயில் விழுந்து எழுந்து, கடைசியில் படித்த இடத்துக்கே ஆசிரியராக வந்தார்.

பள்ளிப் பிள்ளைகளும் தொழில் கற்கவேண்டும், அந்த மார்க்கும் பள்ளி மார்க்கோடு சேரும் என்று அரசு திட்டம் கொண்டுவந்தபோது டீச்சருக்கு வாயெல்லாம் பல். பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கொஞ்ச நாளிலேயே ஒருவனுக்கு விரலில் சுரீர் என்று அடித்தது. அவன் அழக்கூட இல்லை, விரலை உதறிவிட்டுச் சிரித்தான். ஆனால் பிரின்சிபாலுக்கு வியர்த்துவிட்டது. பயிற்சிக் கூடத்தின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். அதற்குப் பிறகு வந்த பிள்ளைகளெல்லாம் உயிரில்லாத பலகையில்தான் வயர் கோத்தார்கள். வயர் நேராக ஓடினால் மார்க். திருகாணிகள் வரிசையாக நின்றால் மார்க். பலகையின் முதுகைத் திருப்பிப் பார்க்க, வந்து இறங்கும் கூட்டத்தில், யாருக்கும் நேரமில்லை.

தையற்கடையிலிருந்து டீச்சர் நேரே பிரின்சிபால் அறைக்குப் போனார். அவரும் ஒரு காலத்தில் வயரிங் ஆசிரியர்தான். எல்லாம் தெரிந்தவர். வயிற்றெரிச்சலே அதுதான்.

"லைன் குடுங்க சார். ட்ரிப்பர் மாட்டிட்டேன். கை பட்டா கண் சிமிட்டுறதுக்குள்ள லைன் விழுந்துடும்."

"பள்ளிக்கூடப் புள்ளைங்கம்மா. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"இங்க ஆகக்கூடாது, வெளியில ஆகலாமா?"

"வெளியில ஆனா அது நம்ம பொறுப்பு இல்லையே."

ஆறுதல் சொல்வதுபோலத்தான் சொன்னார். டீச்சருக்குக் காது மடல் சுட்டது.

"அப்போ நாளைக்குப் பரீட்சையில நான் யாருக்கும் மார்க் போடல. அடுப்பே பத்தவைக்காம சமையல்ல பாஸ்னு எழுத எனக்குக் கை வராது."

மறுநாள் கூடத்து வாசலில் பெற்றோர் திரண்டு நின்றார்கள். பிரின்சிபாலே பள்ளிக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தார். அவர்களை ஏவிவிட்டால் டீச்சர் வழிக்கு வந்துவிடுவார் என்பது அவர் கணக்கு. பெயின்டர் ஒருவர், சுண்ணாம்புத் தெறிப்பு காயாத சட்டையோடு, முன்னால் வந்தார்.

"மார்க் போடாட்டி எம் பொண்ணு மேல படிக்க முடியாதாமே? உங்க சண்டைக்கு எங்க புள்ளைங்கதான் கெடச்சாங்களா?"

"சண்டையே அவங்களுக்காகத்தாண்ணே."

"வசனமெல்லாம் வேணாம். மார்க்கைப் போடுங்க."

"போடறேன். சாரை லைன் குடுக்கச் சொல்லுங்க."

"அவ்வளவுதானே? குடுங்க சார் லைனை!"

கூட்டம் அப்படியே பிரின்சிபால் பக்கம் திரும்பியது. அவர் ஃபியூஸ் கட்டையைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "ஏதாவது ஆச்சுன்னா உங்க தலையிலதான் விடியும்."

பிள்ளைகள் பலகையில் வயர் கோத்து முடித்ததும் டீச்சர் கட்டையை மாட்டினார். பல்புகள் எரிந்தன. பெற்றோர் கை தட்டினார்கள். பெயின்டர் மகளின் முதுகில் தட்டிக் கொடுத்து, "பாத்தீங்களா? எடுங்க பேனாவை" என்றார்.

டீச்சர் எல்லா ஸ்விட்சையும் அணைக்கச் சொன்னார். "இது உங்க பொண்ணு போட்டது. ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கு. பல்பைக் கழட்டிட்டு ஹோல்டருக்குள்ள விரலை வைங்கண்ணே."

"இதென்ன பெரிய விஷயம்?" பெயின்டர் பல்பைக் கழற்றிவிட்டு விரலை நீட்டினார்.

"அப்பா, தொடாதீங்கப்பா!"

கத்தியது அவர் மகள். "சரியாத்தான் போட்டேன்னு நெனைக்கிறேன். ஆனா எனக்குத் தெரியலப்பா."

அதற்குள் டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். டெஸ்டரை ஹோல்டருக்குள் வைத்தார். சிவப்பாக எரிந்தது. அடுத்த மேசையில் எரியவில்லை. அதற்கடுத்ததில் எரிந்தது.

"உன் தப்பு இல்ல கண்ணு. தெரிஞ்சுக்க உனக்கு வழியே விடல நாங்க." டீச்சர் பிரின்சிபாலைப் பார்த்தார். "இதுக்குத்தான் சார் இத்தனை நாளா முழு மார்க் போட்டு ஊருக்குள்ள அனுப்பியிருக்கோம்."

"பெத்தவங்க முன்னாடி இதெல்லாம் பேசணுமா?" என்று அவர் பல்லைக் கடித்தார்.

பெயின்டர் இன்னும் ஹோல்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன வருஷம் எம் பெரியவனும் இங்கதான் படிச்சான். எங்க குளியலறை லைட்டு அவன் போட்டதுதான்."

"வீட்டுல இப்ப யாரு இருக்கா?"

"அவங்கம்மா. துணி துவைச்சுக்கிட்டிருப்பா."

"போன் போடுங்க. மெயினை அணைக்கச் சொல்லுங்க. ஸ்விட்ச் இல்லண்ணே, மெயின்."

டீச்சர் கூடத்தின் மெயினை அணைத்துவிட்டு டெஸ்டரோடு அவருக்குப் பின்னால் கிளம்பினார்.

"பரீட்சையைப் பாதியில விட்டுட்டுப் போனா நான் மேலிடத்துக்கு எழுத வேண்டியிருக்கும்," என்றார் பிரின்சிபால்.

"எழுதுங்க சார். வரி கோணாம எழுதுங்க, மார்க் போடறேன்."

வாசலில் பெயின்டர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். "ஏன் எதுக்குன்னு கேக்காதடி, ஈரக் கையைத் துடைச்சிட்டுப் போய் மெயினை அணை!" கூடத்துக்குள் மற்ற பெற்றோரும் ஒருவர் பின் ஒருவராக போனை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.