எனக்கு மட்டும் ஏன் தண்ணி இல்ல, அழகரே?

அழகர் பிள்ளைங்களே, மூத்திரத்தப் பத்தித்தான் சொல்லப் போறேன். சாமி காரியத்துல இதென்ன பேச்சுன்னு மூஞ்சியச் சுளிக்காதீங்க. அம்புட்டு வருசம் எல்லாரும் மூஞ்சியச் சுளிச்சுச் சுளிச்சுத்தான் நான் சாகக் கிடந்தேன்.

நான் மதுரை செல்லூர்க்காரி. பொறந்ததுல இருந்தே பெருமூளை வாதம். வீல்சேர்தான். பேச்சு குழறும், புத்தி குழறாது. இத ஒத்த விரலால ஃபோன்ல தட்டி எழுதுறேன்.

எனக்கு முட்டிக்கிட்டு வந்தா அடக்க முடியாது. அம்மா தூக்கிட்டுப் போறதுக்குள்ள போயிரும். சித்தி மக கல்யாணத்துல பட்டுச்சேலையோட நனைஞ்சுட்டேன். "இதையெல்லாம் எதுக்குக் கூட்டியாறீக?"ன்னு ஒரு அத்தை கேட்டாங்க. இதையாம்! நான் என்ன சாமானா?

அன்னையில இருந்து எங்க கிளம்புனாலும் முத நாள் சாயங்காலமே அம்மா எனக்குத் தண்ணிய நிறுத்திருவாங்க. பாசத்துலதான். நாக்கு ஒட்டிக்கிடும், அடிவயிறு கடுக்கும். டாக்டர்ககிட்ட போனா என் மூஞ்சியக்கூடப் பார்க்க மாட்டாங்க. "இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு இப்படித்தாம்மா இருக்கும், டயப்பர் போடுங்க." முடிஞ்சது வைத்தியம். மத்தவங்களுக்கு வந்தா அது வியாதி, எனக்கு வந்தா தலையெழுத்தா?

போன சித்திரைத் திருவிழாவுல அழகரப் பார்க்க அடம்பிடிச்சுப் போனேன். மண்டையப் பிளக்குற வெயில். ஊரே ஊருக்குத் தண்ணி குடுக்குது. தண்ணிப் பந்தல்ல ஒரு அக்கா, "இந்தா தாயி, பானகம் குடி"ன்னு நீட்டுனாங்க. அம்மா, "வேணாம்க்கா, அவளுக்கு ஆகாது"ன்னு தள்ளிட்டாங்க. எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கிட்டு வந்துச்சு.

அழகர் வந்தாரு. அவரு சூடு தணிய எல்லாரும் தண்ணியப் பீய்ச்சுறாங்க. நான் கும்பிடல, சண்டை போட்டேன். "உமக்கு மட்டும் இம்புட்டுத் தண்ணி, எனக்கு ஒரு மடக்கு கிடையாதா? கண்ணு இருக்கா உமக்கு?" அவரு மேல பட்ட தண்ணி என் மூஞ்சியில தெறிச்சுச்சு. உதட்ட நக்கிக்கிட்டேன்.

அன்னைக்கே குளிர் காய்ச்சல் தூக்கிப் போட்டுச்சு. ஆஸ்பத்திரிக்கு அள்ளிட்டு ஓடுனாங்க. அங்க ஒரு டாக்டரம்மா. அம்மா எனக்காகப் பேச ஆரம்பிச்சதும், "இருங்கம்மா, அவங்களே சொல்லட்டும்"னாங்க. நான் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்து கேட்டாங்க. என் ஜென்மத்துல முத தடவை. எனக்கு அந்த இடத்துலயே அழகர் பதில் சொல்லிட்டாரு.

ஸ்கேன் எடுத்தாங்க. மூத்திரப் பை இறுகிக்கிட்டு முழுசாக் காலியாகாம நின்னிருக்கு. கிருமி ஏறி, சிறுநீரகமும் வீங்கியிருக்கு. "தண்ணிய நிறுத்துனது இன்னும் கெடுதல்மா"ன்னதும் அம்மா இடிஞ்சு போய் உட்கார்ந்துட்டாங்க. மாத்திரை குடுத்தாங்க. சின்னக் குழாய் வச்சு வேளாவேளைக்கு மூத்திரத்த எடுக்க அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அம்புட்டுத்தான். இதுக்கா இத்தன வருசம்?

நான் இன்னும் நடக்கல. நடக்கணும்னு நான் கேக்கவும் இல்ல. கேட்டது கிடைச்சுருச்சு. இந்தச் சித்திரைக்கு அதே பந்தல்ல அம்மாவே பானகம் வாங்கி என் வாயில ஊத்துனாங்க. இன்னொன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே வாங்கியாந்தாங்க.

உங்க வீட்டுலயும் என்னை மாதிரி ஒரு பிள்ளை இருந்தா அழகர்கிட்ட கேளுங்க. கோவமாவே கேளுங்க, அவரு தாங்குவாரு. டாக்டர்கிட்டயும் விடாமக் கேளுங்க. அதுக்கு முன்னாடி, அந்தப் பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணி குடுங்க.