தண்ணீர்க்காரர் போட்ட டிக்

எங்கள் பகுதியில் எந்த வீட்டுக்குப் புதுக் குழந்தை வந்திருக்கிறது என்று எனக்கு முன்னால் தெரிந்துகொள்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். நான் நர்ஸ், இதற்காகவே சம்பளம் வாங்குகிறவள். அவரோ தோளில் தண்ணீர் கேன் சுமந்து மாடி மாடியாக ஏறுகிறவர். இரண்டு நாளைக்கு ஒரு கேன் வாங்கிய வீடு திடீரென்று தினம் ஒன்று கேட்டால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். என்னிடம் இருக்கும் அரசாங்கப் பட்டியலிலோ, போன வருடமே வீட்டைக் காலி செய்துகொண்டு போன மூன்று குடும்பங்கள் இன்னும் சௌக்கியமாகக் குடியிருக்கின்றன.

ஆள் குள்ளம். கழுத்து என்ற ஒன்றைக் கேன் எப்போதோ அமுக்கிவிட்டது. "தண்ணி!" என்று அவர் குரல் கொடுத்தால் நான்கு மாடியிலும் கதவு திறக்கும். அதே கதவை நான் தட்டினால் உள்ளே டிவி சத்தம் குறையும். கதவு மட்டும் திறக்காது. வீட்டில் ஆளே இல்லாத மாதிரி நடிப்பதில் எங்கள் ஜனங்களை மிஞ்ச முடியாது. இதில் எனக்கு அவர்மேல் பொறாமை உண்டு, மறைப்பானேன்.

அவரைப் போல ஒழுங்கு பார்க்கிற மனிதரும் இல்லை. அவரும் அவருடைய மச்சானும் ஆளுக்கொரு படிக்கட்டில் ஏறுவார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு பேரும் கேன் இறக்கிவிடக் கூடாது என்று, தண்ணீர் போட்டதும் கதவில் சாக்பீஸால் ஒரு டிக், பக்கத்தில் அன்றைய தேதி. முதல் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் சொந்த வீட்டுக்குக் கேன் வைத்தாலும் டிக் போடுவார். "நம்ம வீட்டுக்குமா?" என்று மனைவி கேட்டால், "சிஸ்டம்னா சிஸ்டம்தான்" என்பாராம். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து அந்த வீட்டில் ஒரு மகள் பிறந்திருந்தாள்.

இந்த டிக்குகள் என் கண்ணில் பட்டிருக்கும், மண்டையில் ஏறியதில்லை. ஏறியிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை என் ரத்த அழுத்தம் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

பின்தெருவில் இரண்டு குழந்தைகளுக்குத் தட்டம்மை. அதில் ஒன்று ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. எங்கள் மூன்று கட்டடங்களில் தடுப்பூசி போடாத குழந்தைகள் நாற்பத்தொரு பேர். முகாமுக்குக் கிடைத்தது ஒரே நாள். ஐஸ் பெட்டியில் மருந்து மாலை ஆறு மணி வரைதான் தாங்கும். கீழே வாசலில் மேஜை போட்டு நான் உட்கார்ந்தேன். தொண்டு செய்ய வந்த நான்கு பெண்கள் இரண்டு ஜோடியாகப் பிரிந்து மாடி ஏறினார்கள். குழந்தை இருந்தால் கீழே அனுப்ப வேண்டும். விசாரித்த வீட்டுக் கதவில் டிக்கும் தேதியும் போட வேண்டும். "டிக் இருக்கிற கதவை மறுபடியும் தட்டிடாதீங்க. ஏற்கெனவே நம்ம மேல எரிச்சல்ல இருக்காங்க" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பிய மகராசி நான்தான்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு ஜோடியும் வாயெல்லாம் பல்லாக இறங்கி வந்தன.

"முடிஞ்சுது அக்கா! எல்லாக் கதவுலயும் டிக்!"

"அதுக்குள்ளயா?"

"பாதிக்கு மேல இவங்களே முடிச்சுட்டாங்களே" என்று முதல் ஜோடி இரண்டாவது ஜோடியைக் காட்டியது.

"நாங்களா? நீங்க முடிச்சிருப்பீங்கன்னுல்ல நாங்க தாண்டித் தாண்டிப் போனோம்!"

நான் பெட்டியைப் பார்த்தேன். காலையிலிருந்து ஏழு குழந்தைகளுக்குத்தான் ஊசி போட்டிருந்தேன். அப்படியானால் மிச்ச டிக்கையெல்லாம் போட்டது யார்?

முழங்காலைத் திட்டிக்கொண்டே இரண்டாவது கட்டடத்தில் மூன்று மாடி ஏறினேன். அங்கே மனிதர் கேனை இறக்கி வைத்துவிட்டு, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, ஒரு கதவில் பாதி அழிந்திருந்த தன் டிக்கை வெகு அழகாகத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"தண்ணி போட்டாச்சுன்னு எழுதறேன் அக்கா."

விஷயத்தைச் சொன்னேன். சொன்னேன் என்பது மரியாதைக்கு, உண்மையில் கத்தினேன். அவர் பேந்தப் பேந்த விழித்தார். பிறகு முகம் மாறியது.

"என் வீட்டுக் கதவுலயும் டிக் போட்டிருக்கேனே அக்கா. கூப்பிட வருவாங்க, அப்புறம் போன்னு வீட்டுல சொல்லிட்டு வந்தேன். பாப்பாவுக்குப் போட்டாச்சுல்ல?"

"போட்ட ஏழு பேர்ல உங்க பாப்பா இல்ல."

கேனை மச்சான் தலையில் கட்டிவிட்டு, "வாங்க, மறுபடியும் எல்லா வீட்டுக்கும் போவோம்" என்றார். "முதல்ல உங்க பாப்பா" என்றேன். "அவ கீழதானே இருக்கா, எங்கயும் ஓடிட மாட்டா. இங்க ஒவ்வொருத்தரா வெளியே கிளம்பிடுவாங்க" என்று முன்னால் நடந்தார்.

"தண்ணி!" என்றதும் கதவுகள் திறந்தன. அவருக்குப் பின்னால் நான் நிற்பதைப் பார்த்து, முகத்தில் சோப்பு நுரையோடு வந்த ஒருவர் திரும்பச் சாத்தப் பார்த்தார். மூன்று வீடு ஆனதும் எனக்கே அசிங்கமாகிவிட்டது. பொய் சொல்லிக் கதவைத் திறக்க வைக்க வேண்டாம் என்றேன். நாலாவது வீட்டில், "தண்ணி இல்ல, தட்டம்மை ஊசி! பின்தெருவுல புள்ளை மூச்சு விட முடியாமக் கெடக்குது, திறங்க!" என்று அதே குரலில் கத்தினார். அப்போதும் திறந்தார்கள். எனக்கு இருந்த பொறாமை இரண்டு மடங்கானது.

"குழந்தையெல்லாம் இல்லீங்க" என்று சமாளித்த ஒரு வீட்டில், "மூணு நாளா தினம் ரெண்டு கேன் வாங்குறீங்களே, அதை யாரு குடிக்கறா?" என்றார். அசடு வழிய ஒரு தங்கையும் அவள் கைக்குழந்தையும் வெளியே வந்தார்கள். கீழே மேஜைக்கு ஓடுவதும் மேலே ஏறுவதுமாக ஐந்து மணிக்கு முப்பத்தேழு குழந்தைகள் முடிந்தன. இரண்டு பேர் வெளியூர். மிச்சம் இரண்டு: அவர் மகள், நாலாம் மாடியில் குடியிருக்கும், பள்ளி வேன் ஓட்டுகிற பெண்ணின் மகன்.

"முடியாது" என்றாள் அவள். "பெரியவளுக்குப் போட்டு ஒரு வாரம் கழிச்சு நெருப்பாக் கொதிச்சா. எதனாலன்னே தெரியாமத் தனியாத் தவிச்சேன். உங்கள்ல யாராவது எட்டிப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லைதான். "காய்ச்சல் வரலாம்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும். வந்து பாத்திருக்கணும். தப்பு எங்க மேலதான்" என்றேன். இருபத்திரண்டு வருட வேலையில் இப்படிச் சொன்னது முதல் தடவை. நாக்கு லேசில் வளையவில்லை.

அவள் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க அண்ணே. உங்க பாப்பாவுக்குப் போட்டாச்சா?"

ஒரு "ஆமா" போதும். சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"இல்லம்மா" என்றார். "என் கதவுல நானே டிக் போட்டுக் கெடுத்துட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "நல்ல ஆளுண்ணே நீங்க. சரி, முதல்ல உங்க பாப்பாவுக்குப் போடட்டும். நான் கண்ணால பாக்கணும்."

கீழே இறங்கி அவர் வீட்டுக்குப் போனோம். மனைவி தன்னால் பார்க்க முடியாது என்று சமையலறைக்குள் போய்விட்டார். இருபது லிட்டரை நாலு மாடி தூக்குகிற மனிதருக்கு, எட்டுக் கிலோ மகளைப் பிடிக்கத் தெரியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு குழந்தையை நசுக்கினார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேன்காரப் பெண்ணால் முடியவில்லை.

"இப்படியா பிடிப்பாங்க? இங்க குடுங்க."

தன் மகனை அவரிடம் தந்துவிட்டு, அவர் மகளை மடியில் வைத்துக் கையைப் பதமாகப் பிடித்துக்கொண்டாள். நான் ஊசியைப் போட்டேன். பாப்பா வீல் என்று கத்தினாள், அவரும்தான். வேன்காரப் பெண் பாப்பாவைத் தட்டிக்கொடுத்து அவரிடம் தந்தாள். தன் மகனை வாங்கிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள். அவனுக்கும் போட்டேன். எந்த நாளில் காய்ச்சல் வரலாம், எவ்வளவு மருந்து கொடுக்கலாம் என்று இரண்டு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்தேன். என் போன் நம்பரையும் எழுதினேன். மணி ஆறாக எட்டு நிமிடம்.

எட்டாம் நாள் காலை ஆறரைக்கு அவர் போன் செய்தார். பாப்பாவுக்கு உடம்பு கொதிக்கிறது. இந்தத் தடவை யாரும் என்னை ஒரு சொல் சொல்ல முடியாது என்று, தலைகூட வாராமல் ஓடினேன்.

கதவு திறந்தே இருந்தது. வாசலில் பள்ளி வேன் நின்றது. உள்ளே பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள் வேன்காரப் பெண். நான் எழுதிக் கொடுத்த காகிதம் அவள் முழங்காலருகே விரித்துக் கிடந்தது. மருந்து கொடுத்தாகிவிட்டது. அப்பாக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"இப்பத்தான் வர்றீங்களா?" என்றாள் என்னைப் பார்த்து.

"ஆமா, லேட்டுதான்" என்றேன். அவள் கொஞ்சம் நகர்ந்து எனக்கு உட்கார இடம் கொடுத்தாள்.