பாவாவின் காலடி

திருவொற்றியூர் கடற்கரையில் எங்கள் குப்பத்தை உண்டாக்கியவர் பாவாதான் என்பார்கள். கப்பல் உடைந்து, ஒரு பலகையைப் பிடித்துக் கரையேறியவர், மணலில் நல்ல தண்ணீர்க் கிணறு தோண்டி ஏழு குடும்பங்களைக் குடிவைத்தாராம். அவருடைய மகன் வழி வந்தவர்கள் நாங்கள். எங்களில் யார் இறந்தாலும் அவர் அடங்கியிருக்கும் தர்காவுக்குப் பின்னால், அவர் காலடியில்தான் அடக்கம். தர்காவைப் பார்த்துக்கொண்டவர் என் அப்பா; அத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

தொண்ணூறுகளின் கடைசியில், மணலியில் ஒப்பந்த வேலைக்குப் போன என் அண்ணன் ரசாயனத் தொட்டியைக் கழுவ இறங்கினான். விஷவாயு தாக்கி உள்ளேயே விழுந்துவிட்டான். மறுநாள் காலையில் உடலைக் கொண்டுவந்தார்கள். இருபத்து மூன்று வயது.

"பாவா காலாண்ட வைங்க. அவராச்சும் பாத்துக்கட்டும்" என்றாள் அம்மா.

"அங்க வாணாம்" என்றார் அத்தா.

"இன்னா பேசறீங்க? உங்க அத்தா அங்கதான கீறாரு. எம்புள்ளைக்கு மட்டும் எடமில்லியா?"

வந்திருந்தவர்கள் காதில் விழாமலிருக்க அம்மாவைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். நான் அங்கே அடுப்போரம் உட்கார்ந்திருந்தேன்.

"எங்கத்தா அங்க இல்ல" என்றார். "போன மழைக்கு கடல் ஏறிச்சில்ல. மண்ணு சரிஞ்சி எலும்பெல்லாம் வெளிய வந்துடுச்சி. நான்தான் பொறுக்கி, கோணியில போட்டு, எட்டக்க கொண்டும்போய் பொதச்சேன். எது யாருதுன்னு தெரியல. இவனையும் அப்டி பொறுக்கச் சொல்றியா?"



"பாவா சும்மாவா பாத்துகினு இருந்தாரு?" என்றாள் அம்மா.

அத்தா வெளியே போய் வேனுக்குச் சொல்லியனுப்பினார்.

அண்ணனை ராயபுரம் பக்கம் ஒரு கபர்ஸ்தானில் அடக்கம் செய்தார்கள். பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போகும் வழக்கமில்லை; வேன் தெருமுனை திரும்பும்வரை நானும் அம்மாவும் வாசலில் நின்றோம். அதன்பிறகு வியாழக்கிழமைதோறும் அவள் பஸ் பிடித்துப் போய், கபர்ஸ்தான் கேட்டுக்கு வெளியே நின்று ஓதிவிட்டு வருவாள். தர்காவுக்குள் மறுபடி கால் வைக்கவில்லை. அத்தா மட்டும் தினமும் சாயங்காலம் போய் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த மண் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. பிறகுதான் கடலைத் தடுக்க லாரிகளில் பாறாங்கல் கொண்டுவந்து கொட்டினார்கள். அதற்குள் அங்கே ஒரு கபரும் மிஞ்சவில்லை.

அண்ணன் போன மறுவருஷம் சந்தனக்கூடு திருவிழா அன்று அத்தா தர்காவிலிருந்து சட்டி நிறைய சர்க்கரைச் சோறு கொண்டுவந்தார். அம்மா அதை அப்படியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எடுத்தாள். நான் ஒரு பிடி அள்ளித் தின்றேன். அவள் பார்த்தாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.