ஒஃபோடிலேயின் ஈறும் முதல் துண்டுக் கோலாவும்

ஆவ்காவில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்த ஒஃபோடிலேயைத் தெரியாதவர்களுக்கும் அவர் பல்லைத் தெரியும். பீர் பாட்டில் மூடியைப் பல்லாலேயே கடித்துத் திறப்பார். முப்பது வருஷமாக ஊருக்குப் பல்லைக் காட்டியவர் ஈறு என்று ஒன்று இருப்பதையே கவனிக்கவில்லை. அது வீங்கிச் சீழ் கட்டி, கீழ்ப்பற்கள் ஆடத் தொடங்கின.

ஊருக்குத் தெரியாமல் எனுகு நகரத்துக்குப் போய் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். மனைவி உஜுவை மட்டும் துணைக்கு அழைத்துப்போனார். டாக்டரம்மா ஈற்றைக் கீறி விலக்கி, பல்வேரில் படிந்திருந்த காறையைச் சுரண்டி எடுத்து, மறுபடி பல்லோடு சேர்த்துத் தைத்தார்.

“ரத்தம் உறைஞ்சு நிக்கிற இடத்துலதான் புதுச் சதை வளரும் ஐயா. மேல்தோல் மூட ரெண்டு வாரம். உள்ளே பல்லோட ஒட்டிப் பிடிக்க மாசக்கணக்காகும். ரெண்டு வாரமும் கஞ்சிதான். எதையும் கடிக்கக் கூடாது.”

ஒஃபோடிலே விரல்விட்டு எண்ணினார். எங்கள் பக்கத்தில் சந்தை கூடுவதை வைத்து எண்ணும் வாரத்துக்கு நாலே நாள். ஆக, ரெண்டு வாரத்துக்கு எட்டு நாள். ஒன்பதாம் நாள்தான் மகள் சோமாடியைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வந்தவர்கள் முன்னால் கசப்பான கோலாக் கொட்டையை உடைத்து முதல் துண்டைத் தின்பது வீட்டுத் தலைவரின் உரிமை. கணக்கு கச்சிதமாக இருந்தது.

உஜு தலையில் அடித்துக்கொண்டாள். “ஈறு என்ன சந்தைக்கா போவுது, நம்ம வாரத்தைப் பார்த்து ஆறுறதுக்கு? பேசாம கோலாக் கொட்டையை உங்க தம்பி எமெனிகே உடைக்கட்டும். முதல் துண்டையும் அவரே தின்னுடட்டும்.”

“அவனா? ஒரு தடவை அவன் கையில கொடுத்தா, அப்புறம் என் சாவுக்கும் அவன்தான் உடைப்பான்.”

“உங்க சாவுக்கு நீங்களேவா உடைப்பீங்க?”

ஒன்பதாம் நாள் கூடம் நிறைந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா இலோகா முன்வரிசையில் உட்கார்ந்தார். சொந்த வீட்டுத் தண்ணீரையே மோந்து பார்த்துக் குடிக்கிற மனிதர் அவர். வீட்டுக்காரர் முதல் துண்டைத் தின்றால்தான் கோலாவில் விஷமில்லை என்று விருந்தாளி கை நீட்டுவார். ஒஃபோடிலே கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, உடைக்குமுன் சொல்லும் வேண்டுதலை இழுத்து, செத்துப்போன முன்னோர் ஒருவரையும் விடாமல் பேர் சொல்லி அழைத்தார். கடைசியில் அழைக்க ஆளில்லாமல் போய், கொட்டையை உடைத்து ஒரு துண்டை வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கினார்.

இலோகா அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். “மென்னு முழுங்குங்க சம்பந்தி. அவசரமில்ல.”

ஒஃபோடிலே மென்றார். உள்ளே ஏதோ பட்டென்று அறுந்தது. கண்ணில் நீர் முட்ட, விழுங்கிவிட்டுச் சிரித்தார். பல்லெல்லாம் ரத்தம்.

“எல்லாரும் எந்திரிங்கடா! இந்த வீட்டுக் கோலா வீட்டுக்காரனையே கொல்லுது!” என்று இலோகா கத்தினார்.

நாற்காலிகள் சரிந்தன. உள் வாசலில் நின்ற சோமாடியின் முகம் வெளுத்துவிட்டது. ஒஃபோடிலே அதைப் பார்த்தார். இவர்கள் வாசலைத் தாண்டினால் விஷம் வைத்த வீட்டுப் பெண் என்ற பேர் அவளுக்கு ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

“விஷமில்ல! தையல்! ஈறுல தையல் போட்டிருக்கு, வந்து பாருங்க!” என்று வாயை அகலத் திறந்தார்.

வயது வரிசைப்படி வந்து, செல்போன் விளக்கடித்துப் பார்த்தார்கள். இலோகா உதட்டை இழுத்துப் பிடித்துப் பார்த்து, “நூல்தான்” என்று தீர்ப்புச் சொன்னார். எமெனிகே இன்னொரு துண்டைத் தின்று காட்ட, எல்லோரும் உட்கார்ந்தார்கள். கல்யாணப் பேச்சு நல்லபடியாக முடிந்தது. இலோகா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கல்யாணத்தன்று கோலாவை எமெனிகே உடைக்க வேண்டும். ஒஃபோடிலே தலையாட்டினார்.

மறுநாள் எனுகுவுக்கு சோமாடிதான் கூட வந்தாள். டாக்டரம்மா மறுபடி தைத்தார். “ஆறிடும். ஆனா கிழிஞ்ச ஈறு பழைய உயரத்துக்கு ஏறாது. அந்தப் பல்லு நீளமாத் தெரியும்.”

பல் நீளமாகத் தெரியும் என்றதும் ஒஃபோடிலேயின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

திரும்பும் பஸ்ஸில் சோமாடி கேட்டாள்: “ஏன்பா முன்னாடியே சொல்லல? சித்தப்பா உடைச்சிருப்பாருல்ல?”

அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

“என் கல்யாணத்தை விடவா கோலா உடைக்கிறது பெருசு?”

வாயில் பஞ்சு இருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து பஞ்சை எடுத்ததும் கண்ணாடி முன்னால் போய், பல் நீளமாகிவிட்டதா என்று பார்த்தார்.