அக்கா சபைக்கு வரவில்லையாம்

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வந்து இந்த மலரைப் பெற்றுக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய மலர்களில், மறைந்தவர் யார் மனமும் நோகாமல் வாழ்ந்தார் என்று எழுதுவார்கள். அக்கா அப்படி வாழவில்லை. தேவையான இடத்தில் நன்றாகவே நோகப் பேசினார். நான் அவருடைய தம்பி. நில அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இதே சபையில் ஒரு காலத்தில் செயலாளராகவும் இருந்தவன். ஆகவே இந்தக் கட்டுரையில் விதிமுறை வாசம் கொஞ்சம் அடிக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா கெடா மாநிலத்தில் பண்டார் பாருவுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தார்கள். அங்கே கிறிஸ்தவக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாரியம்மன் திருவிழாவுக்குத் தோட்டமே கூடும். எங்கள் கிறிஸ்துமஸுக்கு நாங்களே கூடி, நாங்களே பாடி, நாங்களே கலைவோம். பலகைச் சுவரும் தகரக் கூரையும் உள்ள சின்ன ஆலயம். போதகர் மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வருவார். மழை பெய்தால் அதுவும் இல்லை. அவர் வராத ஞாயிறுகளில் அப்பா வேதம் வாசிப்பார், அக்கா பாட்டைத் தொடங்குவார். குரல் பெரிது. சுருதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

லாரி ஓட்டுநரான அத்தானை மணந்து அக்கா கூலிமுக்கு வந்தார். அரசு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. கைகள் வெந்து தோலுரியும் வேலை. அத்தான் சீக்கிரம் போய்விட்டார். ஒரே மகள் கிரேஸை அந்தச் சம்பளத்தில்தான் வளர்த்தார். கிரேஸ் இன்று ஹைடெக் பூங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மேற்பார்வையாளர்.

இதற்கிடையில் தோட்டம் கைமாறியது. நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். பள்ளிக்கூடம் வேறு இடத்துக்குப் போனது. எங்கள் சின்ன ஆலயமும் போனது. அதன் பலகைகளை யார் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அங்கே பாடிய குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூலிம் பக்கம் வந்து, இங்குள்ள நகரச் சபையில் சேர்ந்துகொண்டன. தோட்டம் போன பிறகு எங்களை இன்னார் மகன், இன்னார் மகள் என்று அறிந்து கூப்பிட்ட இடம் அது ஒன்றுதான். தாமான் என்கிற நகரக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரருக்கு நம் கார் எண் தெரியும், நம் அப்பா பெயர் தெரியாது. சபையில் தெரியும். சபையில் சேர்ந்திருப்பது என்றால் என்ன என்று பிரசங்கத்தில் நிறையச் சொல்வார்கள். அக்காவுக்கு அது மிகச் சுருக்கமான விஷயம். நாம் ஓரிடத்தில் இல்லையென்றால் அங்கே யாருக்காவது அது தெரிய வேண்டும்.

அந்த வேலையை அவர் தாமே எடுத்துக்கொண்டார். யாரும் அவரை நியமிக்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் யாருடைய இடமாவது காலியாக இருந்தால், அன்று மதியமே அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். சாமுவேல் என்பவர் குடிப்பழக்கத்தில் விழுந்து, வெட்கத்தில் சபைப் பக்கம் வராமல் இருந்தார். அக்காவைக் கண்டதும் அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, இன்னிக்குப் புத்திமதி வேணாம்லா," என்றாராம்.

"ஒனக்குப் புத்தி சொல்ல எனக்கு வேற வேலை இல்லையா? ஒன் எடத்துல எவனோ உக்காந்துகிட்டு என் காதுக்குள்ளேயே தப்புத் தப்பாப் பாடுறான். என்னால தாங்க முடியல. அடுத்த வாரம் வந்து உக்காரு."

சாமுவேல் வந்தார். குடி உடனே நின்றுவிடவில்லை. ஆனால் வந்தார். பிறகு ஒருநாள் அதுவும் நின்றது.

இப்படிப்பட்டவரைத்தான் சபைக்கு வராதவர் என்று முடிவு செய்தார்கள். அது எப்படி நடந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன்; ஏனெனில் இந்த ஓராண்டில் பலர் பலவிதமாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

சர்க்கரை வியாதியால் அக்காவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது. வீடு திரும்பியதும் முதல் கேள்வி, ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போவது என்பதுதான். எங்கள் ஆலயத்தின் வாசலில் உயரமான படிகள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்ட வேண்டும் என்ற பேச்சு நான் செயலாளராக வருவதற்கு முன்பே தொடங்கியது. குழுக்கள் மாறின, பேச்சு மாறவில்லை. ஆகவே வாலிபர்கள் நால்வர் அக்காவை நாற்காலியோடு தூக்கிச் சென்றார்கள். சில ஞாயிறுகள் அப்படிப் போயின. பிறகு இப்போதைய சபைச் செயலாளர், மகள் கிரேஸுக்குத் தகவல் அனுப்பினார்: தூக்கும்போது யாராவது விழுந்தால் சபைதான் பொறுப்பேற்க வேண்டியிருக்கும், சாய்தளம் கட்டும்வரை ஆன்ட்டி வீட்டிலிருந்தே நேரலையில் பார்க்கட்டும். மிகப் பணிவான தகவல். கடைசியில் கூப்பிய கைகளின் படமும் இருந்தது.

அக்கா கீழ்ப்படிந்தார். ஞாயிறுதோறும் குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, முக்காடு போட்டுக்கொண்டு, கைப்பேசிக்கு முன்னால் உட்கார்ந்தார். அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்து மட்டும் கைப்பேசி வழியாக வராது. அதற்கும் விதி இருக்கிறது. வீட்டில் முடங்கியவர்களுக்குப் போதகர் மாதம் ஒருமுறை திருவிருந்தைக் கொண்டுபோக வேண்டும். முதல் மாதம் வந்தார். அடுத்த மாதம் முதல் ஞாயிறன்று அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன மேசையைப் போடச் சொல்லி, கஞ்சி போட்ட வெள்ளைத் துணி விரித்து, ஒரு குவளைத் தண்ணீரும் வைத்துக் காத்திருந்தார். போதகர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் மேசை விரிக்கப்பட்டது. அதற்கடுத்த மாதமும்.

"அம்மா, அவங்க வரமாட்டாங்க போல. மேசைய எடுத்துடவா?" என்று கிரேஸ் கேட்டால், "சாயந்திரம் வரைக்கும் கெடக்கட்டும். அவருக்கு மூணு சபை," என்பாராம்.

அக்கா ஒருவரைப் பற்றி இவ்வளவு பொறுமையாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

கடந்த ஆண்டு ஒரு காலைப் பொழுதில் அக்கா உறக்கத்திலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நான் செயலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். நல்ல பிள்ளை, பொறியாளர். அவருடைய குரல் தயங்கியது.

"அங்கிள், ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா ஒரு சின்ன விசயம். கோவிச்சுக்காதீங்க. ஆன்ட்டி இப்ப இன்னெக்டிவ்ல இருக்காங்க."

"ஆமா தம்பி. விடியக்காலையிலேருந்துதான்."

"அது இல்ல அங்கிள். ஒரு வருசத்துக்கு மேல திருவிருந்து எடுக்கல. சிஸ்டத்துல இன்னெக்டிவ் மெம்பர்னு மாத்திட்டோம். சர்ச்சுக்குள்ள வச்சு அடக்க ஆராதனை நடத்தணும்னா கமிட்டி எப்ரூவல் வேணும். இல்லன்னா வீட்டுலயே சிம்பிளா ஒரு ஜெபம் வச்சுக்கலாம்."

எங்கள் சபையில் உறுப்பினர் ஒருவர் இறந்தால் அவரைப் பீடத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்து, சபையார் எல்லாரும் சுற்றி நின்று பாடி அனுப்புவார்கள். உறுப்பினர் அல்லாதவருக்கு வீட்டு வாசலோடு சரி. அக்கா வாழ்நாள் முழுவதும் எத்தனையோ பேரை அந்த இடத்திலிருந்து பாடி அனுப்பியவர். அவரை எங்கிருந்து அனுப்புவது என்பதுதான் இப்போது கேள்வி.

மறுநாள் காலை ஆலயத்தின் பக்கத்து அறையில் குழு கூடியது. சபை விதிப் புத்தகத்தோடு போனேன். ஓராண்டு திருவிருந்து எடுக்காதவரைப் பட்டியலிலிருந்து நீக்கும் அந்த விதி எனக்கு நன்றாகத் தெரியும். பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் போய் வேறு சபைகளில் சேர்ந்துவிட்டு, கல்யாணத்துக்கு மட்டும் எங்கள் ஆலயத்தைத் தேடிவருகிறவர்களுக்காக எழுதப்பட்ட விதி அது. கால் இல்லாத பெண்ணுக்காக எழுதப்பட்டதல்ல. அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒருவரை நீக்குவதற்கு முன்பு கடிதம் எழுத வேண்டும். போதகர் நேரில் சென்று காரணம் கேட்க வேண்டும். அந்த உறுப்பினர் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். இதில் எது நடந்தது என்று கேட்டேன்.

"வாட்ஸ்அப் குரூப்ல ரிமைண்டர் போட்டோம் அங்கிள்."

"அந்த குரூப்ல அக்கா இருந்தாங்களா?"

செயலாளர் கைப்பேசியைத் தேய்த்துப் பார்த்தார். இல்லை.

குழுவில் ஒருவர் சமாதானமாக, "ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தா, நாளைக்கு எல்லாரும் கேப்பாங்களே ஐயா," என்றார். கேட்கட்டுமே என்றேன். உறுப்பினரைத் திருவிருந்துக்குக் கொண்டுவரும் வழியை நீங்களே அடைத்தீர்கள். திருவிருந்தை உறுப்பினரிடம் கொண்டுபோக வேண்டிய கடமையையும் நீங்களே விட்டீர்கள். பிறகு அவர் எடுக்கவில்லை என்று குறித்துக்கொண்டீர்கள். வராதவர் யார்? நில அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ஒருவருடைய நிலத்துக்குப் போகும் பாதையை அடைத்துவிட்டு, அவர் பயிரிடவில்லை என்று நிலத்தைப் பறிக்கிற வித்தையை அங்கேகூட இவ்வளவு பக்தியோடு செய்து நான் பார்த்ததில்லை.

அப்போது கிரேஸ் கதவருகே வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. போதகரை மட்டும் பார்த்தாள்.

"ஐயா, அம்மா மாசா மாசம் மேசை விரிச்சு வச்சாங்க. துணிய அவங்களே தேச்சாங்க, கட்டில்ல உக்காந்துகிட்டே. நீங்க வருவீங்கன்னு. இந்த மாசமும் விரிச்சாங்க. அத மட்டும் சொல்லணும்னு வந்தேன்."

போதகர் தொலைவிலுள்ள மெர்கோங் வரை போய்வரும் இளைஞர். மூன்று சபைகளுக்கும் ஒரே ஆள். அவரைக் கெட்டவர் என்று நான் எழுதமாட்டேன். ஆனால் மூன்று சபைகளின் கூட்டங்களுக்கும் தவறாமல் போனவருக்கு ஒரு கட்டிலருகே போக நேரம் கிடைக்கவில்லை என்பதை எழுதாமலும் விடமாட்டேன்.

செயலாளர் வாக்கெடுப்பு நடத்தலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே மாதர் ஐக்கியத்தின் மார்த்தாம்மா உள்ளே தலையை நீட்டினார். வெள்ளைச் சேலையில் இருந்தார். பின்னால் இன்னும் பல வெள்ளைச் சேலைகள்.

"பேசி முடிச்சாச்சா?"

"இல்ல ஆன்ட்டி, இன்னும் டிஸ்கஸ் பண்ணிக்கிட்டு இருக்கோம்."

"நல்லாப் பேசுங்க. வண்டி வந்துருச்சு. கதவத் தொறந்து, பூவெல்லாம் வச்சாச்சு. சாமுவேலும் மத்தவங்களும் தூக்கிக்கிட்டுப் படி ஏறிட்டாங்க." பிறகு போதகரைப் பார்த்து, "ஐயா, அங்கிய இங்கயே மாட்டிக்குவீங்களா, இல்ல அங்க கொண்டாரவா?" என்றார்.

போதகர் எழுந்தார். அங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னால் கிரேஸ் போனாள்; குழுவில் மற்ற இருவரும் எழுந்து போனார்கள். செயலாளரும் நானும் மட்டும் மிஞ்சினோம். அவர் கணினியை மூடிவிட்டு, "வாங்க அங்கிள்," என்றார்.

அக்கா பீடத்துக்கு முன்னால் இருந்தார். ஆலயம் நிறைந்திருந்தது. மார்த்தாம்மா பாட்டைத் தொடங்கினார். அவருடைய சுருதியும் அக்காவின் சுருதிக்குக் குறைந்ததல்ல. ஆராதனையின் நடுவில் போதகர் ஆசனங்களுக்கு முன்னால் வந்து நின்று, "இந்தத் தாயாரின் வீட்டுக்கு நான் போயிருக்க வேண்டும், போகவில்லை," என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு விதி ஏதும் இல்லை. சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் நானும் நல்ல வார்த்தைகளோடு முடித்திருப்பேன். ஆனால் அந்த விதி இன்னும் அப்படியே இருக்கிறது. எங்கள் சபையில் இப்போதும் சிலர் படுக்கையில் கிடக்கிறார்கள். விதியைத் திருத்தக் கோரி ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன். ஆராய்ந்து பரிந்துரைக்க ஓர் உபகுழு அமைத்தார்கள். உபகுழு எதற்காக அமைக்கப்படுகிறது என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நானே பல உபகுழுக்களில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன். அது முடிவுக்கு வரும்வரை சாகாமல் இருங்கள் என்று படுத்திருப்பவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பினாங்கிலுள்ள உறவினர்கள், தங்கள் சபைக்கு வந்துவிடும்படி என்னை அழைக்கிறார்கள். அங்கே மின்தூக்கி உண்டாம், கார் நிறுத்தவும் இடம் உண்டாம். அன்புக்கு நன்றி. நான் வரவில்லை. நான் விலகினால் குழுவுக்கு நிம்மதி; மார்த்தாம்மாவுக்கு அல்ல.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கிரேஸ் வேலைக்குப் போன காலைகளில் எல்லாம் வந்து அக்காவுக்குத் தலைவாரிவிட்ட பக்கத்து வீட்டு லெட்சுமி அம்மையாருக்கும், யாரும் கேட்காமலே தன் வாசலையும் சேர்த்துப் பந்தல் போடவிட்ட எதிர்வீட்டு மலாய்க்கார நண்பருக்கும், புண்ணுக்கு மருந்து கட்டிய கிளினிக் தாதியர்க்கும், ஷிஃப்ட் மாற்றிக்கொடுத்த கிரேஸின் தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இவர்களில் பெரும்பாலோர் எந்தச் சபையிலும் உறுப்பினர் அல்லர். தூக்கிச் சென்றவர்களுக்கு நன்றி. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று போதகரைத் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போகும் மாதர் ஐக்கியத்தாருக்கு நன்றி. அவரும் மறுப்பில்லாமல் ஏறுகிறார் என்பதால் அவருக்கும் நன்றி.

இறுதியாக, சபைக் குழுவினருக்கு ஒரு விளக்கம். அன்றைய கூட்டத்தில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. தீர்மானம் எழுதப்படவில்லை. கூட்டம் முறைப்படி முடித்துவைக்கப்படவும் இல்லை. எங்கள் அக்காவைச் சபையார் தங்களுள் ஒருவராக உள்ளே கொண்டுவந்து, பாடி, அடக்கம் செய்தார்கள். அதை எந்தக் குழுவும் தீர்மானிக்கவில்லை. ஆகவே எந்தக் குழுவாலும் அதை ரத்து செய்ய முடியாது.