பள்ளிகொண்டாவிலிருந்து திரும்பி வந்த மோட்டார்

நான்கு வருஷங்களுக்கு முன்னால், ஒரு தை மாதக் காலையில், ஆம்பூரில் நான் வேலை செய்யும் தோல் கிடங்குக்கு எதிரே உள்ள ரோட்டில் இது நடந்தது. மணி எட்டரை இருக்கும். எங்கள் பக்கம் மோட்டார் வண்டிகளை அப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். ஹாரன் சத்தத்தைக் கேட்டே எது யாருடைய வண்டி என்று சொல்லிவிடுகிறவர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட ரோட்டில், பட்டப்பகலில், இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற ஒருவன் மோட்டாரில் போய் அடிபட்டான் என்றால் அவனை என்னவென்று சொல்வது? அந்தப் புத்திசாலி நான்தான்.

என் வேலை இன்னதென்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். பதனிட்டுக் காயவைத்த ஆட்டுத் தோல்களைத் தரம் பிரிப்பது என் வேலை. மேல்பக்கத்து வழவழப்பைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. ஒவ்வொரு தோலையும் திருப்பிப் போட்டுச் சதைப்பக்கம் பார்க்க வேண்டும். உரிக்கும்போது கத்தி பட்ட இடமெல்லாம் அங்கேதான் இருக்கும். அப்புறமும் சந்தேகமிருந்தால் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். ஊசி நுனி அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும். பதினாலு வருஷமாக இதைச் செய்கிறேன். நான் முதல் தரம் என்று ஒதுக்கியதை யாரும் மறுபடி பிரித்துப் பார்ப்பதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

தோல் காயப்போடும் இடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், தரம் பிரிக்கும் கூடம் இந்தப் பக்கம். அன்று ஒரு கட்டுத் தோலைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். மேலாக இருந்த ஒரு தோலில் ஏதோ மறு போலக் கையில் தட்டுப்பட்டது. கூடத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பொறுமை இருந்ததா? இல்லை. நடு ரோட்டிலேயே நின்று, அந்தத் தோலை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே உயர்த்திச் சூரியனைப் பார்த்துப் பிடித்தேன். எதிரே வருவது ஒன்றும் தெரியவில்லை. தோல் மட்டும்தான் தெரிந்தது. வெளிச்சம் சரியாக விழவில்லை என்று இரண்டு அடி பின்னால் வேறு எடுத்து வைத்தேன்.

ஹாரன் சத்தம் கேட்டதும் இடது விலாவில் இடி விழுந்ததும் ஒரே சமயம். வண்டியின் முன்சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகடு என்னை இடித்துத் தள்ளிவிட்டது. புழுதியில் இரண்டு முறை உருண்டேன். தோல்கள் ரோடெங்கும் சிதறின.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. எழுந்தேன். கை கால் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. சிதறிக் கிடந்த தோல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சக்கரம் ஏறிய தடம் இருக்கிறதா என்று முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கூடியிருந்த கூட்டம் சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கமெல்லாம் கோபமாக மாறி டிரைவர் தலையில் விழுந்தது.

அவர் மேல்விஷாரத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். வாணியம்பாடியில் ஒரு தோல் வியாபாரியிடம் வண்டி ஓட்டுகிறார். அன்று காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்கும் முதலாளியை அழைத்து வரப் போய்க்கொண்டிருந்தார். மனிதர் முகம் வெளுத்து, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "அண்ணே, ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாம்" என்று என் கையைப் பிடித்தார். நான் கையை உதறினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கண்ணைப் பற்றியும், அவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவரைப் பற்றியும்கூடச் சொன்னேன். "எனக்கு இன்னா ஆச்சு? ஒண்ணும் இல்ல. நீ போ" என்று விரட்டினேன். கூட்டமும் என் பக்கம்தான். வண்டி ஓட்டுகிறவன் மேல்தானே எப்போதும் தப்பு! அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நான் நடு ரோட்டில் தோலைப் பிடித்துக்கொண்டு நின்றதை ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. தயங்கித் தயங்கி வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

முழங்கையில் சிராய்ப்பு. தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறப்போட்ட தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். எங்கள் கிடங்கில் தலைவலியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. எரிச்சலில் உயிர் போயிற்று. அதோடு தீர்ந்தது என்று தரம் பிரிக்கும் என் பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பதினோரு மணி இருக்கும். கிடங்கு வாசலில் அதே மோட்டார் வந்து நின்றது. அதே டிரைவர். காட்பாடிக்குப் பாதி வழியில் இருக்கும் பள்ளிகொண்டா வரைக்கும் போய்விட்டாராம். அங்கே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாராம். முதலாளி காட்பாடியில் இறங்கிக் காத்திருக்கப் போகிறார் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வந்திருந்தார்.

"அண்ணே, காலையில அவ்ளோ தோலையும் திருப்பித் திருப்பிப் பாத்தீங்க. உங்கள யாரு பாத்தாங்க?" என்று கேட்டார்.

எனக்கு எதிரே உட்கார்ந்து தரம் பிரிக்கும் கூட்டாளி கொல்லென்று சிரித்துவிட்டான். எனக்குச் சுருக்கென்றது. "இன்னாய்யா பேஜார் பண்றே? ரத்தம் வந்துதா? எலும்பு ஒடைஞ்சுதா? உன் வேலையப் பாத்துக்கினு போ" என்று கத்தினேன்.

அவர் போகவில்லை. வாசலில் வண்டியின் படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். கூட்டாளி வெளியே போய் அவரோடு உருதுவில் ஏதோ பேசிவிட்டு வந்தான். வந்தவன் முகத்தில் சிரிப்பு இல்லை. டிரைவரின் அண்ணன் ஒரு ஜட்கா வண்டிக்காரராம். ஒரு நாள் குதிரை வயிற்றில் உதைத்துவிட்டதாம். எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, எல்லோரோடும் சிரித்துப் பேசி, ஒரு சோடாவும் குடித்தாராம். மேலே ஒரு கீறல்கூட இல்லையாம். சாயங்காலம் விளக்கேற்றும் முன்னால் போய்விட்டாராம்.

"அவுங்க அண்ணனும் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாராம்" என்றான் கூட்டாளி. ஆனாலும் நான் எழுந்து போகவில்லை. அத்தனை பேர் எதிரில் விரட்டியடித்த மனிதனின் வண்டியில் எப்படி ஏறுவது? என் வீம்பு என்னைப் பலகையோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தது.

மத்தியானச் சோற்றைத் தொடப் பிடிக்கவில்லை. உடம்பு சில்லென்று வியர்த்தது. இடது தோளில் ஒரு வலி வந்தது. தோளில் அடியே படவில்லை, விலாவில்தான் பட்டது. காலையில் கட்டுச் சுமந்த வலியாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு மணி சுமாருக்கு, நான் முதல் தரமென்று ஒதுக்கிய தோல் ஒன்றைக் கூட்டாளி கையில் எடுத்தான். ஏன் எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. தூக்கிப் பிடித்தான். அதன் நடுவில், என் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது.

அவன் என்னைக் கேலி செய்வான் என்று நினைத்தேன். பத்து வருஷமாக இதற்குத்தானே காத்திருந்தான்! ஆனால் அவன் அந்தத் தோலை அப்படியே போட்டுவிட்டு வாசலைப் பார்த்து, "டிரைவர் பாய், சீக்கிரம் வா!" என்று கத்தினான். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். கூடம் இருண்டது.

நினைவு வந்தபோது படுத்த வாக்கில் போய்க்கொண்டிருந்தேன். நான் தோல் போட்டுப் பார்க்கும் பலகையிலேயே என்னைக் கிடத்தி, நாலு பேர் மோட்டாருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வண்டியின் பின் ஸீட்டில் வெள்ளை உறை போட்டிருந்தது. என் மேலும் என் துணியிலும் என்ன வாசனை அடித்திருக்கும் என்று தோல் பதனிடும் ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கோலத்திலும் நான், "ஸீட்டு கெட்டுடும்" என்று முனகினேனாம். டிரைவர் தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டி என் தலைக்கு அடியில் வைத்தார். பனியனோடு உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

ஆம்பூரிலிருந்து வேலூர் வரை அந்த ரோட்டில் எத்தனை பள்ளம் என்று எனக்கு இன்றும் தெரியும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் அவர் வேகத்தைக் குறைத்து, "அண்ணே, புடிச்சுக்கோ, இதோ ஆச்சு" என்பார். பள்ளம் தாண்டியதும் பறப்பார். கூட்டாளி என் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தான். நடுவில் தாகமாக இருக்கிறது, ஒரு சோடா வேண்டும் என்று கேட்டேனாம். டிரைவர் அழுதுவிட்டார் என்று கூட்டாளி பிறகு சொன்னான்.

வேலூரில் டாக்டர் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். தோளைக் காட்டினேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, உடனே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். உள்ளே மண்ணீரல் கிழிந்து காலையிலிருந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டிருந்ததாம். உள்ளே ரத்தம் சேர்ந்தால் தோளில் வலி தெரியுமாம். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் என் மனைவியிடம் சொன்னார். அவள் மறுநாள் காலை ரயிலில் வந்து சேர்ந்தாள். என்னைப் பார்த்து அழுது முடித்த கையோடு, "தோலப் பாக்கற கண்ணு ரோட்டப் பாக்காதா?" என்று ஒரு கேள்வி கேட்டாள்.

எட்டாம் நாள் போலீஸ் ஹெட் கான்ஸ்டபிள் வாக்குமூலம் வாங்க வந்தார். ஆம்பூரில் பார்த்தவர்கள் எல்லோரும் மோட்டார் கண்மண் தெரியாமல் வந்தது என்று சொல்லிவிட்டார்களாம். டிரைவரின் லைசென்ஸை வாங்கி வைத்திருந்தார்கள். காட்பாடியில் சாயங்காலம் வரை காத்திருந்த முதலாளி, என் வாக்குமூலத்தைப் பார்த்துத்தான் அவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வேன் என்றிருந்தார். இவ்வளவும் அன்றுதான் எனக்குத் தெரியும். அந்த எட்டு நாளும் தினம் சாயங்காலம் வந்து கட்டிலருகே நின்றுவிட்டுப் போன டிரைவர் இதில் ஒன்றைக்கூட என்னிடம் சொல்லவில்லை.

ஹெட் கான்ஸ்டபிள் பென்சிலைக் கூர் பார்த்தபடி, "வண்டி வேகமா வந்துதுதானே?" என்று எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மானம் பிழைத்துவிடும். "இல்லீங்க. அவர் ஹாரன் அடிச்சாரு. நான்தான் ரோட்டு நடுவுல தோலைத் தூக்கி மூஞ்சிய மறைச்சிக்கினு நின்னேன். பின்னாலயே நடந்து போய் அவர் வண்டியில வுழுந்தேன். தப்பு என்னுது" என்றேன். சொல்லி முடித்ததும் தையல் போட்ட இடம் வலித்தது, ஆனால் மனசு லேசாக இருந்தது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அடுத்த வாரமே டிரைவர் பழையபடி வண்டி ஓட்டப் போய்விட்டார். என்னை ஆம்பூரில் கொண்டுவந்து இறக்கிவிட்டதும் அவர்தான், அதே வண்டியில். முதலாளியே அனுப்பியிருந்தார். ஸீட்டில் புது உறை போட்டிருந்தது.

இப்போது எங்கள் ரோட்டில் மோட்டார்கள் ஜாஸ்தியாகிவிட்டன. ஆகையால் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடிபட்டால் வெட்கப்பட்டு எழுந்து ஓடாதீர்கள். அப்படியே படுத்திருங்கள். ரத்தம் வரவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். இடித்தவரைத் திட்டுவதானால் டாக்டரிடம் போய்விட்டு வந்து திட்டுங்கள், திட்டு எங்கேயும் போய்விடாது. அன்று முழுவதும் உங்களை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். எனக்கு அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். அந்த ஓட்டைத் தோலைக் கூட்டாளி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான். நான் கர்வப்படும்போதெல்லாம் எடுத்துக் காட்டுகிறான்.

டிரைவர் இப்போது எனக்கு நெருங்கிய தோஸ்த். ஊர் வழியாகப் போகும்போதெல்லாம் கிடங்கு வாசலில் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். நான் கையிலிருப்பதைப் பலகையில் வைத்துவிட்டு வெளியே ஓடுவேன். பள்ளிகொண்டாவில் அவர் வண்டியைத் திருப்பாமல் நேரே போயிருந்தாலும் ஏன் திரும்பவில்லை என்று அவரை ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், குறை சொல்ல நானும் இருந்திருக்க மாட்டேன் என்று அந்த ஹாரனைக் கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.